பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் எலைன்மென்ட்: கொழும்புக்குப் போவதா, வீட்டு முற்றத்தில் நூல் கட்டுவதா?

கேள்வி கேட்ட தம்பி கல்முனையில் இருக்கிறார். கையில் 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மஸ்டா எம்எக்ஸ்-5. முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருக்கிறார். பின் டயர்கள் இரண்டும் உட்பக்கமாகத் தேய்கின்றன. 80 கிலோமீற்றர் வேகத்தில் கார் மிதக்கிற மாதிரி இருக்கிறதாம். இரண்டு இடங்களில் எலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்யும் வேலை, செய்தும் வித்தியாசம் இல்லை. ஓரிடத்தில் "மெஷினில் இந்தக் காரின் டேட்டா இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். கொழும்புக்கு ஏற்றிப் போவதா, அல்லது காரின் இரு பக்கமும் நூல் கட்டி, அதிலிருந்து அளந்து வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மெஷினா நூலா என்று. எனக்குக் கேட்பது வேறொன்று: இரண்டு தரம் காசு கொடுத்தும் ஏன் சரிவரவில்லை? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். பெரும்பாலும் உங்கள் காரின் பின் சில்லுகளை யாரும் தொடவே இல்லை. நம் ஊர்களில் "எலைன்மென்ட்" என்று சொன்னால் முன் சில்லு இரண்டின் டோவை (மேலிருந்து பார்த்தால் சில்லின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே விரிந்திருக்கிறதா என்பது) சரிபார்த்து, ஸ்டேரிங்கை நேராக்கி அனுப்புவது என்றுதான் பொருள். வேன், முச்சக்கரவண்டி, சின்ன ஜப்பான் கார் என்று நாள் முழுக்க ஓடும் கராஜில் அது போதும். அந்த வண்டிகள் பலவற்றில் பின்னால் திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. உங்கள் கார் அந்த இனம் இல்லை. நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன், அதாவது சில்லை மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரண்டு கைகள். பின்னாலும் கேம்பரும் (சில்லு நிமிர்ந்து நிற்காமல் சாயும் கோணம்) டோவும் மாற்றலாம்.

நான் கட்டாரில் பதினொரு வருடம் டயர், சஸ்பென்ஷன் பகுதியில் வேலை செய்தவன். இப்போது களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு ஒரு சின்ன கராஜ். இந்த வகைக் கார் இரண்டை என் முற்றத்தில் நூல் கட்டிச் செய்திருக்கிறேன். ரேஸ் ஓடியவன் இல்லை. அந்தப் பக்கத்துக் கேள்வி என்றால் என்னை விட்டுவிடுங்கள். உங்கள் காரை நான் கண்ணால் பார்க்கவும் இல்லை. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானவை இவை. காரைத் தாழ்த்தினால் இந்த வகைச் சஸ்பென்ஷனில் சில்லின் மேல் பக்கம் உள்ளே சாயும், அதாவது கேம்பர் மைனஸ் பக்கம் கூடும். கூடவே டோவும் முன்பிருந்த இடத்தில் இருக்காது. பின் சில்லுகளின் முன்பக்கம் வெளியே விரிந்திருந்தால், டோ அவுட் என்போமே அது, கார் நேர்வீதியில்கூட அலையும். மாரி மழையில் வளைவில் அக்சிலரேட்டரை விட்டதும் வால் சுழலும். பின் சில்லு இழுக்கும் கார் என்பதால் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். சரி செய்யும்வரை மழையில் மெல்ல ஓடுங்கள். ஊகம் எங்கே என்றால், உங்கள் டயரைத் தேய்ப்பது கேம்பரா டோவா என்பதில். பலர் உடனே கேம்பரைத்தான் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் டயரை வேகமாகத் தின்பது டோதான். கேம்பர் அதற்கு எந்தப் பக்கத்தைத் தின்னலாம் என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. உள்ளங்கையை டயரின் பூவுக்கு மேலே குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒரு தரம், வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரம் போலச் சுரண்டினால் டோ பிழை. இரண்டு திசையிலும் வழுவழு என்று இருந்து உட்பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் கேம்பர் பக்கம் சந்தேகப்படலாம்.

அளப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிட்டு நூலைத் தொட வேண்டாம். காரை ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். சத்தமோ ஆட்டமோ இருந்தால் போல் ஜொயின்ட், பெயாரிங், டை ரொட் எண்ட் (சில்லைத் திருப்பும் ஸ்டேரிங் கம்பியின் முனை) எது என்று கண்டுபிடித்து மாற்ற வேண்டும். முப்பது வருடம் தாண்டிய கார். விஷ்போன் பூட்டும் இடங்களில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தால் நீங்கள் வைக்கிற அளவு முதல் பள்ளத்திலேயே மாறிவிடும். ஆடுகிற கதிரைக்குக் கால் அளந்து வெட்டிய கதைதான் அது. டயரில் காற்று நான்கிலும் சமமாக இருக்கட்டும். இந்தக் காருக்குக் கம்பனி சொன்னது 26 பிஎஸ்ஐ. வேறு கார் மாதிரி 32, 33 அடித்து வைத்திருந்தாலும் மிதக்கிற உணர்வு வரும், அதையும் பாருங்கள்.

அடுத்தது கேம் போல்ட். உங்கள் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கீழ் விஷ்போன் ஒவ்வொன்றையும் சேசிஸோடு பிடித்திருப்பது இரண்டு போல்ட். தலைக்குக் கீழே மையம் விலகிய வட்டத் தட்டு, அதில் கோடுகள். நான்கு மூலைக்கும் எட்டு. இந்த எட்டும் சுழன்றால்தான் எலைன்மென்ட் என்ற பேச்சே. நம் பக்கம் எழுவான்கரையில் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டை இளக்கிவிட்டுப் போல்ட் தலையை ஸ்பேனரால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தட்டு சுழன்று அங்கேயே நின்றால் நல்லது. கொஞ்சம் சுழன்று, கையை விட்டதும் பழைய இடத்துக்குத் துள்ளி வந்தால் போல்ட் சுழலவில்லை, ரப்பரைத்தான் முறுக்குகிறீர்கள். இப்படி இறுகியிருந்தால் கராஜ்காரர் "பின்னால் அட்ஜஸ்ட் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் சொல்வது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

இறுகிய போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பொறுமை இல்லாமல் நான் முதல் காரில் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டித் தொங்கினேன். போல்ட் முறிந்தது. புது போல்ட் வந்து சேரும்வரை அந்தக் கார் மூன்று கிழமை என் மாமரத்துக்குக் கீழே கட்டையில் நின்றது, காரின் சொந்தக்காரர் பின்னேரம் தோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார். எண்ணெய்க்கு இளகாவிட்டால் போல்ட்டை இரு பக்கமும் அறுத்தெடுத்து, போல்ட், தட்டு, புஷ் எல்லாம் புதிதாகப் போடுவதே வழி. இது செலவுள்ள வேலை. சரியான கருவி இல்லாமல் வீட்டில் தொடங்க வேண்டாம். இளகினால் சந்தோஷம். எதையும் மாற்றுவதற்கு முன் தட்டு நிற்கும் இடத்தைக் கியூட்டெக்ஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது போல்ட் உடலுக்கு இறுகாத கிரீஸ் பூசினால் அடுத்த தரம் உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்.

இனி வீட்டில் அளக்கிற கதை. நிலம் மட்டமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்லமாட்டார்கள். ஒரு மேசனிடம் தண்ணீர் டியூபைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறவர்கள் மட்டம் பார்ப்பது அதில்தான், நான்கு சில்லு நிற்கும் இடத்துக்கும் அது தாராளமாகப் போதும். எது பள்ளமோ அதற்குப் பழைய டைல்ஸ் துண்டு அடுக்கி உயர்த்துங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் கீழே இரண்டு டைல்ஸை வழுவழுப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, நடுவே கிரீஸ் பூசினால் சில்லு பக்கவாட்டில் தடையில்லாமல் நகரும். டைல்ஸ் இல்லையா, இரண்டு சொப்பிங் பேக்கை மடித்து வைத்தாலும் ஓரளவு வேலை செய்யும். இது இல்லாமல் தரையில் நிற்கும் டயர், நீங்கள் செய்த மாற்றத்தில் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டு பொய் சொல்லும். சாரதி இருக்கையில் உங்கள் எடையை வையுங்கள். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றும் 20 லீற்றர் தண்ணீர்க் கேன் ஒன்றும் வைத்தால் 70 கிலோ. ஒரு தொன்னுக்கும் குறைந்த காரில் அது அளவைத் தெரியும்படி மாற்றும்.

நூலுக்குத் தங்கூசியே, அதாவது தூண்டில் நைலோன் நூலே, சிறந்தது. நீளாது, காற்றில் அதிகம் ஆடாது, வாவிக்கரையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பலர் நான்கு கட்டையை நிலத்தில் நட்டு நூல் கட்டுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. காரை ஒவ்வொரு தரமும் தள்ளி நிறுத்தும்போது முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டும். நேரான இரண்டு அலுமினியக் குழாய்களை எடுத்து ஒன்றை முன் பம்பருக்கும் மற்றதைப் பின் பம்பருக்கும் குறுக்கே, சில்லின் நடுமட்ட உயரத்தில், அசையாமல் காரோடு கட்டுங்கள். இரண்டு குழாயிலும் ஒரே இடைவெளியில் நூலுக்கு வெட்டுப் போடுங்கள். இப்போது இடது நூலும் வலது நூலும் ஒன்றுக்கொன்று சமாந்தரம். காரைத் தள்ளினாலும் நூல் கூடவே வரும். முதல் தரம் நான் இப்படிக் கட்டி நின்றபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "என்ன மனே, காருக்கு வேலி கட்டுறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நூலைக் காரின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக்குவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நான்கு சில்லின் மையத்திலிருந்தும் நூல் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்து விடுகிறார்கள். அப்படி இல்லை. இந்தக் காரில் முன் சில்லுகளின் இடைவெளியும் பின் சில்லுகளின் இடைவெளியும் ஒன்றல்ல. முன் இடது மையத்திலிருந்து நூலுக்கு இருக்கும் தூரம் முன் வலதோடு ஒத்துப்போக வேண்டும். பின் இடது, பின் வலதோடு. முன்னதும் பின்னதும் தங்களுக்குள் ஒத்துப்போகத் தேவையில்லை. இதைப் பிழையாகச் செய்தால் அளவு முழுவதும் அழகாக, ஆனால் பிழையாக வரும்.

பிறகு உருக்கு அடிமட்டத்தால், ஒவ்வொரு சில்லிலும் ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கும், பின்விளிம்பிலிருந்து நூலுக்கும் அளவுங்கள். முன் அளவு கூட என்றால் டோ இன், பின் அளவு கூட என்றால் டோ அவுட். 14 அங்குல ரிம் என்றால் விளிம்புக்கு விளிம்பு ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் வரும். அதில் 1 மில்லிமீற்றர் வித்தியாசம் என்பது 9 கலை (60 கலை ஒரு பாகை), அதாவது 0.15 பாகை. இதே 1 மில்லிமீற்றரை டயரின் வெளிவிளிம்பில் அளந்தால் 6 கலைதான். ஆகவே யாராவது "2 மில்லிமீற்றர் டோ வை" என்று சொன்னால், எங்கே அளந்தது, ஒரு சில்லுக்கா இரண்டுக்கும் சேர்த்தா என்று கேட்காமல் வைக்காதீர்கள். மெஷின் தரும் தாளிலும் ஒரு கண்ணி உண்டு. சிலது 0 பாகை 10 கலை என்று எழுதும், சிலது 0.10 பாகை என்று எழுதும். பின்னது 6 கலை. இரண்டையும் குழப்பி வைத்த கார்களைப் பார்த்திருக்கிறேன். ரிம் கொஞ்சம் நெளிந்திருக்கலாம் என்பதால், ஒரு தரம் அளந்துவிட்டுக் காரை 90 சென்றிமீற்றர் முன்னே தள்ளுங்கள். சில்லு அரைச் சுற்று சுற்றும். நிலத்தின் மட்டத்தையும் நினைவில் வைத்துத் திரும்ப அளந்து இரண்டின் சராசரியை எடுங்கள்.

கேம்பருக்குத் தூக்குக்குண்டு. ரிம்மின் வெளியே நூலைத் தொங்க விட்டு, மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் தூரம் அளந்தால், மேலே எவ்வளவு கூட இருக்கிறதோ அவ்வளவு மைனஸ். இந்த ரிம்மில் 7 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு என்றால் 1 பாகை, 10 மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை. போனில் இருக்கும் சாய்வுமானியும் உதவும், ஆனால் நேரான கம்பி ஒன்றை ரிம்மில் நிமிர்த்திப் பிடித்து அதில் போனை வையுங்கள். காஸ்டர், அதாவது முன் சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், கொஞ்சம் சிக்கல். சில்லை 20 பாகை ஒரு பக்கம் திருப்பிக் கேம்பர் எடுத்து, மறுபக்கம் 20 திருப்பித் திரும்ப எடுத்து, இரண்டின் வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் கிட்டத்தட்ட காஸ்டர் கிடைக்கும். வீட்டில் எடுக்கும் காஸ்டரை நான் இடது வலது ஒப்பிடுவதற்கு மட்டுமே நம்புவேன். டோவை நூலில் எடுத்தால், கவனமாகச் செய்தால், மெஷினோடு சண்டைக்கு நிற்கலாம். கேம்பர் கால் பாகை முன்பின்.

எந்த அளவு வைப்பது என்று கேட்பீர்கள். வீதியில் ஓடும் இந்தக் காருக்கு நான் வைப்பது, முன் கேம்பர் மைனஸ் 1, பின் கேம்பர் மைனஸ் ஒன்றரை, காஸ்டர் 4 முதல் 5 பாகை, முன் டோ பூச்சியம் அல்லது சில்லுக்கு அரை மில்லிமீற்றர் இன், பின் டோ சில்லுக்கு 1 மில்லிமீற்றர் இன், எல்லாம் ரிம்மில் அளந்தது. மிகவும் தாழ்த்திய காரில் பின் கேம்பரை ஒன்றரைக்குக் கொண்டுவரப் போல்ட்டின் ஓட்டம் போதாமல் போகலாம். போதாவிட்டால் கேம்பரை விட்டுவிடுங்கள். டோவைச் சரியாக வையுங்கள், இடது வலது சமமாக வையுங்கள். முன்னாலும் கேம்பரையும் காஸ்டரையும் அதே இரண்டு போல்ட் பங்கு போடுவதால், ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது குறையும். பின் சில்லுகளில் தொடங்குங்கள், முன்னுக்குப் பிறகு வாருங்கள். கேம்பர், காஸ்டர் முடிந்த பிறகே டோ, ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ ஓடும். முன் டோவுக்கு ஸ்டேரிங்கைக் கோடி முதல் கோடி வரை திருப்பிச் சுற்று எண்ணி, பாதியில் நிறுத்திக் கட்டி வைத்துவிட்டு, இரண்டு டை ரொட்டையும் சமமாகத் திருப்புங்கள். லொக் நட்டை இளக்கும்போது ரப்பர் உறையின் கிளிப்பையும் இளக்குங்கள், இல்லாவிட்டால் உறை முறுகிக் கிழியும். ஜக்கில் தூக்கி இறக்கிய ஒவ்வொரு தரமும் காரைக் கொஞ்சத் தூரம் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையையும் அமுக்கி விட்டுத்தான் அளக்க வேண்டும். கடைசி இறுக்கம் கார் தன் கால்களில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருக்கும்.

இதெல்லாம் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும், முதல் தரம் இரண்டு நாள். அந்தப் பொறுமை இல்லையென்றால் மெஷினுக்கே போங்கள், வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குக் கொழும்புதான் வேண்டுமென்றில்லை. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நான்கு சில்லும் படிக்கும் கமரா மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கே போனால் போதும். 300 கிலோமீற்றருக்கு மேல் போய்ச் செய்துகொண்டு, அதே தூரம் பள்ளத்தில் விழுந்து எழும்பித் திரும்பி வருவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. "டேட்டா இல்லை" என்பது தடையே இல்லை. மெஷின் கோணத்தை அளக்க எந்தக் காரின் டேட்டாவும் தேவையில்லை. அளவு சரியா பிழையா என்று பச்சை, சிவப்பு நிறம் காட்டத்தான் தேவை. "அளந்து மட்டும் காட்டுங்கள் பாஸ், வைக்க வேண்டிய எண்ணை நான் தருகிறேன்" என்று தன்மையாகச் சொல்லுங்கள். போல்ட்டுகளை வீட்டிலேயே இளக்கி வைத்துக்கொண்டு போனால் அவருக்கும் வேலை சுகம். தாழ்ந்த கார், மெஷினில் ஏற்றும் சரிவில் முன் பம்பரின் கீழ் விளிம்பு இடிக்கும். இரண்டு பலகை கொண்டு போங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த தாளைக் கட்டாயம் வாங்குங்கள். ஒருமுறை ஒரு பெரிய இடத்தில் செய்த காரொன்று என்னிடம் வந்தது, தாளைப் பார்த்தால் பின் சில்லுகளுக்கு வேலைக்கு முன் எடுத்த அளவும் வேலை முடிந்த பிறகு எடுத்த அளவும் கடைசி இலக்கம்வரை ஒன்றே. காசு வாங்கியது நான்கு சில்லுக்கு.

கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்ற முறைப்பாடும் இருந்தால், அதை உடனே எலைன்மென்ட் கணக்கில் எழுத வேண்டாம். நம் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்தவை, இடது பக்கம் ஓடும் கார் இயல்பாகவே கொஞ்சம் இடதுக்குப் போகும். அதைவிடக் கூட இழுத்தால், ஒரு வழி டயர் (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்) இல்லையென்றால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் பிழை டயரில். அளக்கும்போது ஒரு பக்க அளவு மறுபக்கத்தோடு சேரவே மாட்டேன் என்று நின்றால், போல்ட் ஓட்டம் முழுவதும் கொடுத்தும் சேராவிட்டால், எங்கோ ஒரு விஷ்போனோ சப் ஃபிரேமோ முன்பு அடிபட்டு வளைந்திருக்கிறது. அது நூலால் தீராது, சேசிஸ் இழுக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். பழைய சொந்தக்காரர் சொன்ன "எக்சிடன்ட் இல்லை" என்ற வார்த்தையை அப்போது மறந்துவிடுங்கள்.

ஆகவே இந்தக் கிழமை ஒன்றையும் திருப்பாமல் அளந்து மட்டும் பாருங்கள். நான்கு சில்லின் டோவும் கேம்பரும், எட்டு எண்கள். கூடவே எட்டு கேம் போல்ட்டில் எத்தனை சுழல்கின்றன என்பதையும், நிலத்திலிருந்து நான்கு ஃபெண்டர் விளிம்பின் உயரத்தையும் எழுதி இங்கே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தப் போல்ட்டில் தொடங்குவது என்று சொல்கிறேன்.